பஞ்சம்மாளின் வறுமை

பெரியகுளத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த இருதயம் என்ற போட்டோக்காரரைக் கெடுத்தது ஒரு புத்தகம். பங்குச் சாமியார் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஓவியர்கள் தீட்டிய கிழவிகளும் பிச்சைக்காரர்களும் அதில் இருந்தார்கள். எங்கோ ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து பாதி முகத்தில் விழும். மிச்சம் இருட்டில் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம், பஞ்சகாலத்தில் கஞ்சித்தொட்டி வாசலில் ஏனத்தோடு நின்ற அம்மாவின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. அம்மாவைப் பிடித்த படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த முகத்தை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

1936-இல் மதுரையில் படக் கண்காட்சி என்று சேதி வந்ததும், காமிராப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணைப்புரத்துக்கு அங்கிட்டு இருந்த ஒரு சின்ன ஊருக்குப் போனார். கிழிந்த சேலையோடு களையெடுத்துவிட்டு வந்த கருத்தம்மாள் கண்ணில் பட்டாள். அவளுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. படத்துக்கு நிற்கச் சொன்னதும், “இந்தா வந்துர்றேன்யா” என்று ஓடினாள். இரவல் வாங்கின சிவப்புச் சேலையும், எண்ணெய் வழியும் தலையும், தலை நிறையப் பூவுமாக வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“அந்தக் கிழிஞ்ச சேலையையே கட்டிட்டு வா தாயி.”

“நல்லாருக்கே! நாலு பேரு பாக்குற படத்துல கிழிசலோடயா நிப்பாக? நான் என்ன போக்கத்தவளா?”

அன்று அவர் கேட்ட கூலிக்காரப் பெண்கள் அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள்.

கடைசியில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாட்டாமை ஒச்சாண்டியின் பெண்டாட்டி பஞ்சம்மாள், “அம்புட்டுத்தானா? நான் நிக்கிறேன்” என்றாள். நாற்பது ஏக்கர் வீட்டுக்காரி. கிழிசல் கட்டுவது அவளுக்கு ஒரு விளையாட்டு. காதில் கிடந்த தங்கத் தண்டட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பழஞ்சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டத்து வாசலில் நின்றாள். வெள்ளிக்கிழமை விரதம். முகம் தானாக வாடியிருந்தது. வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்தது.

‘வறுமை’ என்று பெயர் போட்டு அனுப்பிய அந்தப் படத்துக்கு முதல் பரிசு. பஞ்ச நிவாரண வேலை பார்க்க வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பெண்ணின் நிலத்தில் சர்க்கார் செலவில் கிணறு வெட்ட வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

சர்க்கார் கடுதாசி கிடைத்ததும் ஒச்சாண்டி வண்டி கட்டிக்கொண்டு இருதயத்திடம் வந்துவிட்டார்.

“ஏம்ப்பா இருதயம், என் பொண்டாட்டியப் பிச்சக்காரி ஆக்கிப்புட்டியே! நான் எப்படி வெளிய தலகாட்டுறது?”

இருதயம் கையெடுத்துக் கும்பிட்டார். “நாளைக்கே போயி உண்மையச் சொல்லிர்றேன் அண்ணாச்சி.”

ஒச்சாண்டி கடுதாசியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். “இருப்பா, பறக்காத. கெணறுன்னு போட்டிருக்காக. எத்தனை அடின்னு போட்டிருக்காகளா?”

கிணற்றுக்கு இடம் பார்க்க அதிகாரி வருகிற நாளில் பஞ்சம்மாள் மாட்டுக்கொட்டத்து வாசலில் தயாராக நின்றாள். கிழிந்த சேலையை வெளுக்கப் போட்டு, இஸ்திரிப் பெட்டியும் போட்டுவைத்திருந்தார்கள். இருதயத்தைக் கண்டதும், “வெளிச்சம் சரியா விழுதா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இருதயம் மனசு கேட்காமல் அதிகாரியிடம் போனார். “ஐயா, படத்துல இருக்கிறவங்க வசதியானவங்க. நான்தான் அப்படி நிக்கவச்சேன். நெசமாவே இல்லாதவ அந்தா நிக்கிற கருத்தம்மா.”

அதிகாரி திரும்பினார். பெரிய மனுஷர் வருகிறார் என்று கருத்தம்மாள் அன்றைக்கும் சிவப்புச் சேலையை இரவல் வாங்கிக் கட்டி, பூ வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பஞ்சம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“மிஸ்டர் இருதயம், நீங்கள் நல்ல கலைஞர்தான்” என்றார் அதிகாரி. “ஆனால் வறுமை என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியவில்லை.”

ஒச்சாண்டியின் மேட்டுத்தோட்டத்தில் கிணறு இறங்கியது. கருத்தம்மாள் இரண்டு மாசம் அதில் மண் சுமந்தாள். தண்ணீர் கண்ட அன்று, அதிகாரி சொல்லியிருந்தபடி படம் பிடிக்க இருதயம் போயிருந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் அவர் பக்கத்தில் வந்தாள்.

“ஏன்யா, அன்னைக்கே நீங்க சொன்னபடி கிழிசலோட நான் நின்னிருந்தா, எனக்குக் கெணறு வந்திருக்குமோ?”

இருதயத்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“வந்திருக்காது தாயி. வெட்டுறதுக்கு உனக்கு நெலம் ஏது?”

“அதுஞ் சரித்தான்” என்று சிரித்துவிட்டு, கருத்தம்மாள் அடுத்த கூடை மண்ணைத் தூக்கிவிட ஆள் கூப்பிட்டாள். இருதயமே போய்த் தூக்கிவிட்டார்.