சித்தியின் முகம்

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற மெஷினை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், தரை பெருக்குகிறவர் உட்பட. ஆனால் என்ன பிழை கண்டார் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். சும்மா நிறுத்திவிட்டால் மெஷின்காரர் வாயில் விழுந்து எழ முடியாது, அப்பப்பா!

மடிப்பு மேசையில் வேலை பார்த்தவள் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. இருக்கிற இடம் தெரியாத ஆள். 'ஊமைக்கோட்டான்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

அன்றைக்கு வந்தது, பெண்களைக் கடத்தி விற்பதைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் ஒட்டும் சுவரொட்டி. முதல் தாளைக் கையில் எடுத்ததுமே அதிலிருந்த ஆளின் படம் கண்ணில் பட்டது. முறுக்கு மீசை, சிவந்த கண், கழுத்தில் தடிச் சங்கிலி. கீழே, 'இவனிடம் ஏமாறாதே!'

அட பாவிகளா, இப்படி ஒருத்தன் வந்து கூப்பிட்டால் எந்தப் பெண் பின்னால் போவாள்? பிள்ளைகள் இந்த மீசைக்காரனுக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேறொருவர் சிரித்துக்கொண்டே வருவார்.

நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், பக்கத்து மேசைக்காரி நாளைக்கும் தன் டப்பாவிலிருந்து சாப்பாடு எடுத்து வைப்பாளா? போனால் போகட்டும் என்று மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"அதிசயமா இருக்கே! என்னம்மா பிழை? எழுத்தா, கலரா?" என்றார் மெஷின்காரர்.

"ஆளு தப்புண்ணே."

"ஆளா? உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக் கூட்டிட்டுப் போய் வித்தது எங்க சித்தி."

அவளே தொடர்ந்தாள். "துணிக்கடை வேலைன்னு சொன்னாங்க. அம்மாதான் தலை சீவி அனுப்பினாங்க. ரெண்டு வருஷம் ஒரு வீட்டுல பூட்டி வச்சிருந்தாங்க. போலீஸ் கதவை உடைச்சப்பகூட, சித்தி என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்கன்னுதான் நினைச்சேன்."

வாயாடி மெஷின்காரர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரி தன் நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். முதலாளி, சுவரொட்டி கொடுத்தவர்களிடம் பேச போனை எடுத்தார்.

"உங்க சித்தி எப்படி இருப்பாங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள் கம்ப்யூட்டரில் படம் போடுகிற பெண்.

பூசினாற்போல முகம், சிரித்தால் இடுங்குகிற கண், சற்றே எடுப்பான முன்பல். அவள் சொல்லச் சொல்லத் திரையில் முகம் உருவானது.

"இது நம்ம வீட்டு ஆளு மாதிரியில்ல இருக்கு," என்றார் மெஷின்காரர். "இவங்களைப் பார்த்து யாரு பயப்படுவா?"

"அதாண்ணே. நானும் பயப்படல."

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று பத்து வருஷமாகக் காத்திருந்தவள் அவள். திரையில் அது முழுசாகச் சிரித்தபோது, பாழாய்ப்போன வாய் "சித்தி" என்று கூப்பிட்டுவிட்டது, அதே பழைய பாசத்தோடு. அதைத் தாங்க முடியாமல்தான் அவள் விம்மி விம்மி அழுதாள்.