விட்டுப்போன 'லே'

முனீஸ்வரிக்கு ஸ்பானிஷில் பிடிபடாமல் இருந்தது 'சே' என்ற சின்னச் சொல்தான். சிலமலைக்காரியான அவள், போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் பாண்டியராஜனிடம் வேலை பார்த்தாள். குவாத்தமாலா ஏலக்காய் விவசாயிகளோடு தொடர்பு ஏற்பட்டதும் அவளை ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

'லாவோ' என்றால் கழுவுகிறேன். 'மே லாவோ' என்றால் என்னையே கழுவிக்கொள்கிறேன். அவன் தன்னைக் கழுவிக்கொண்டால் 'மே' போய் 'சே' வரும். வெட்டினான், வெட்டிக்கிட்டான் மாதிரிதான் என்று அதுவரை புரிந்தது. ஆனால் கண்ணாடி தானாக உடைந்தாலும் அதே 'சே' வந்தது. நடுவில் ஒரு 'லே' சேர்த்தால், அவன் உடைக்கவில்லை, அவன் கை தவறி உடைந்தது என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் அவள் எப்போதும் தடுமாறினாள்.

அந்த விவசாயிகள் சங்கத்திலிருந்து மிர்த்தா என்ற பெண் வந்தபோது, முனீஸ்வரி அவளை ஜீப்பில் குரங்கணிக்கு மேலே பாண்டியராஜனின் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். காய் உலர்த்தும் கட்டடத்தில் சோணை இருந்தார். அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு இறக்கிவிட்டிருந்தார். மூலையில் கருகிய காய் குவிந்து கிடந்தது. என்ன ஆயிற்று என்று மிர்த்தா கேட்டதை முனீஸ்வரி தமிழில் கேட்டாள்.

"என்னண்ணே, காய் இப்படிக் கெடக்கு?"

"சூடு ஏறிருச்சு ஆத்தா. தீஞ்சுபோச்சு. மொதலாளிகிட்ட இன்னும் சொல்லல."

அவர் தீய்த்துவிட்டார் என்று சொல்ல முனீஸ்வரிக்கு மனம் வரவில்லை. அவர் பொறுப்பில் இருந்தபோது தானாகத் தீய்ந்தது என்று சொல்ல நினைத்தாள். காய் தீய்ந்தாலும் கை சுட்டாலும் ஸ்பானிஷில் 'கெமோ'தான்.

"சோணை... சே கெமோ" என்றாள்.

மிர்த்தா காய்க் குவியலை விட்டுவிட்டு நேராகச் சோணையிடம் போனாள். எங்கே, எங்கே என்று கேட்டாள். 'லே'யை விட்டுவிட்டது முனீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. சோணை தன்னைச் சுட்டுக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறாள். திருத்த வாயெடுப்பதற்குள், சோணையின் வலது சட்டைக்கையில் இருந்த ஈரக்கறையை மிர்த்தா பார்த்துவிட்டாள். அவர் பின்வாங்கினார். அவள் விடாமல் பொத்தானைக் கழற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது.

"காய்த் தட்ட வெளிய இழுக்கயில பட்டுருச்சு" என்றார் சோணை. "மஞ்சப்பொடி போட்டா ஆறிரும்னு விட்டுட்டேன். மொதலாளிகிட்ட கையச் சொன்னா காயவும் சொல்லணும்ல?"

"பேச்ச விடுண்ணே. வெரசா ஜீப்புல ஏறு."

இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கை மடங்காமல் போயிருக்கும் என்று போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். தகவல் கேட்டு வந்த பாண்டியராஜன், "காய் எவ்வளவு போச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைந்தார். புண்ணில் மருந்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நகர்ந்ததும் கையைப் பார்த்தார். பிறகு காயைப் பற்றிக் கேட்கவில்லை.

வராந்தாவில் முனீஸ்வரி தன் பிழையை மிர்த்தாவிடம் சொன்னாள். மிர்த்தா "சே லே கெமோ" என்று நிறுத்திச் சொல்லிக்காட்டினாள். முனீஸ்வரி திருப்பிச் சொன்னாள்.

உள்ளே போனபோது சோணை கேட்டார்: "அந்தம்மாவுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"நாந்தாண்ணே சொன்னேன். தெரியாமச் சொன்னேன்."

சோணை கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைக்கப் பார்த்தார். முடியவில்லை. முனீஸ்வரி தூக்கி வைத்தாள்.