ஒரு கல் அதிகம்

ஆற்றின் விலை லாரிக்கு நாலாயிரம் சோம். ஒப்பந்தக்காரர் வைத்த விலை அது. பேரம் பேசக்கூட யாரும் வரவில்லை. திங்கட்கிழமை இயந்திரம் இறங்கிக் கூழாங்கல்லை அள்ளப்போகிறது. அரிவாள் போல் வளைந்த சிவப்பு அலகுள்ள அரிய பறவை அங்கே அடைகாக்கிறது, வேலையை நிறுத்துங்கள் என்று மனுக் கொடுத்தாள் புருல்சா.

"கூட்டோட படம் இருக்கா?" என்றார் நரின் நகர அலுவலக அதிகாரி.

"இன்னும் இல்லைங்க."

"அப்ப பறவையும் இல்லை."

சந்தையில் இருந்த தன் கம்பளக் கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, வியாழக்கிழமை விடியலில் கேமராவோடு கரைக்கு வந்தாள். விற்காமல் கிடந்த சாம்பல் நிறக் கம்பளம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு கல்லோடு கல்லாக உட்கார்ந்தாள். நண்பகல்வரை சிவப்பு அலகைத் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். அப்போது மேய்ப்பர் சாதிர்குல் குதிரையில் வந்து, இறங்கி, சூடான தேநீரும் பொரித்த பூர்சோக் ரொட்டியுமாக நடந்து வந்தார். எங்கிருந்தோ ஒரு கீச்சொலி, பறவை பறந்துவிட்டது. பதறிப்போய் அவள் எடுத்த படத்தில் அவர் வயிறு விழுந்திருந்தது.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இங்க வராதீங்க."

"நல்லா இருக்கே! என் கூடாரத்துக்கு எதிர்ல ஒருத்தி பட்டினியா கிடப்பா, நான் ஆடு மேய்க்கணுமாக்கும்! ஊர்ல என் பேரு என்னாகும்?"

"பறவை போயிடுச்சே."

"திரும்பி வந்தா அதுக்கும் ரெண்டு பூர்சோக் போடலாம். நீ சாப்பிடு."

வெள்ளிக்கிழமையும் அதே கூத்து. ஆனால் இம்முறை ஒன்றைக் கவனித்தாள். குதிரை வந்தவரை சத்தமே இல்லை. அவருடைய பூட்ஸ் கல்லில் பட்ட பிறகுதான் கீச்சொலி.

"அண்ணே, நாளைக்கு இறங்காதீங்க. மேலேயிருந்தே குடுங்க."

"குதிரைமேல உட்கார்ந்துக்கிட்டு விருந்தாளிக்கு ரொட்டியா? எங்கப்பன் குழியிலேர்ந்து எழுந்து வந்து அறைவான்!"

"வரட்டும். அவரையும் குதிரையிலேயே வரச் சொல்லுங்க."

சாதிர்குல் சிரித்தே தோற்றார். சனிக்கிழமை ரொட்டி சேணத்திலிருந்து தாழ்ந்து வந்தது, கீச்சொலி எழவில்லை. அப்படியும் பறவை கண்ணில் படவில்லை. தேடுவதை விட்டாள். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பார்க்கத் தொடங்கினாள், கடையில் சரக்கு எண்ணுகிறவளைப் போல. இது பாசி பிடித்தது. இது பத்து மணிக்கு வெளிறும். இதன்மேல் வாலாட்டிக் குருவி வந்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிக்குமளவுக்கு அத்தனையும் மனப்பாடம். அதிகாரியின் முகம் அன்று ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் நேரம். பிளந்த பாறைக்கு அப்பால் ஒரு சாம்பல் கல் அதிகமாக இருந்தது.

உடனே படம் எடுக்கவில்லை. பத்து மூச்சுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல் கண் சிமிட்டியது. மெல்ல விரலை அழுத்தினாள். சற்று நேரத்தில் இணைப்பறவை வர, அடைகாத்தது எழுந்து இடம் கொடுத்தது. மறுபடி அழுத்தினாள்.

மாலையில் கணக்குப் பார்த்தாள். நாள் நான்கு. படம் எழுநூற்றுப் பதினெட்டு: கல் எழுநூற்றுப் பத்து, சாதிர்குல் ஆறு, பறவை இரண்டு. இரண்டாவதில் முட்டை நான்கு. பாக்கி, அதிகாரியின் கையெழுத்து ஒன்று; காலை எட்டு மணிக்கு வசூல்.