தோழியின் மறுநாள்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரைதான் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘செவ்விலக்கியங்களில் பாத்திரப் படைப்பு’. பசுமலையில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன், அவ்வப்போது கதையும் எழுதுகிறேன். அதனால் ஜெயினம்பு டீச்சர் தலையில் கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. சரி, தொலையட்டும் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். முதல் வரி நன்றாகவே வந்தது.

“சங்க அகப்பாடல்களில் தோழி என்னும் பாத்திரம் அன்பும் அறிவும் ஒருங்கே

இந்த இடத்தில், எதிர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பாண்டிமீனா மூக்கை உறிஞ்சினாள். சளி இல்லை, அழுகை. கட்டுரை அதோடு படுத்துவிட்டது.

2

பாண்டிமீனாவை எப்படி அறிமுகப்படுத்துவது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

“பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்த பாண்டிமீனா கள்ளங்கபடமற்ற (வேண்டாம். கள்ளங்கபடமற்றவள் என்று எழுதிவிட்டால் அடுத்த பக்கத்தில் அவளை யாராவது ஏமாற்றியே தீர வேண்டும்.)

“பொறுமையே உருவான (சுத்தப் பொய். ஷேர் ஆட்டோவில் ஐந்தாவது ஆளை ஏற்றினால் அவள் போடும் சண்டையைக் கேட்டிருக்கிறேன்.)

நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளும் எங்கள் பள்ளியில் தமிழாசிரியைதான். அவளுடைய உயிர்த்தோழி சரண்யாதேவி, முன்பு இங்கே கணக்கு டீச்சராக இருந்தவள், திருவாதவூர்ப் பெண். சரண்யாவுக்கு இம்மானுவேல் என்பவர்மேல் காதல். மதம் வேறு என்பதால் வீட்டில் வாய் திறக்க நடுக்கம். “நீ சொல்லேன் மீனா” என்று இவளைப் பிடித்துக்கொண்டாள். இவளும் ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு உலகத்திலேயே தமிழ் வாத்தியார்கள் மட்டும்தான் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். அறத்தொடு நிற்றல் துறைப்படி போனாள்.*

* பாடம் மறந்தவர்களுக்கு: தலைவியின் காதலைத் தோழி நேரே பெற்ற தாயிடம் சொல்ல மாட்டாள். வளர்த்த செவிலியிடம் பக்குவமாகச் சொல்வாள். செவிலி தாயிடம் சொல்வாள், தாய் தந்தைக்கு உணர்த்துவாள். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சூடு ஆறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செவிலிகளிடம் செல்போன் கிடையாது.

சரண்யாவைத் தூக்கி வளர்த்தது அவளுடைய சித்தி. ஆகவே பாண்டிமீனா அந்தச் சித்திக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினாள். நயமாக, சுற்றி வளைத்து, இலக்கணம் பிசகாமல். சித்தி அதைத் தாயிடம் பக்குவமாகச் சொல்லவில்லை. குடும்பக் குரூப்பில் தூக்கிப் போட்டுவிட்டார். துபாயில் இருக்கும் மாமன் வரைக்கும் கேட்டாயிற்று.

3

[இங்கே சண்டைக் காட்சி. மதுரைக் கதை என்றதும் அரிவாளை எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். அப்படி எதுவும் நடக்கவில்லை. கத்தினார்கள், சாப்பிடாமல் கிடந்தார்கள், கதவைச் சாத்தினார்கள். சரண்யா வீட்டை விட்டுப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.]

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தாய்க்கு மனம் இளகிவிட்டது. ஆனால் ஒரு வருடக் கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. அதற்கு இடம் காட்டியது சரண்யாதான். “மீனாதாம்மா என்னைய ஏத்திவிட்டா” என்றாளாம்.

இப்போது எனக்குப் பழம்புலவர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தலைவிக்குக் கண்ணில் பசலை, தோளில் பசலை, வளை நெகிழ்ந்தது, உறக்கம் போயிற்று. தோழிக்கு ஒரு தலைவலி வந்ததாக யாராவது பாடியிருக்கிறார்களா? அவளுக்கென்று ஒரு வீடு உண்டா, காதல் உண்டா? தலைவனும் தலைவியும் ஊரை விட்டுப் போனபின் செவிலி புலம்புவாள், தாய் புலம்புவாள். தோழி வாய் திறந்தாலும் தலைவியைப் பற்றித்தான் பேசுவாள். மறுநாள் காலையில் அந்த வீட்டார் முகத்தில் அவள் எப்படி விழித்தாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்களும் சளைத்தவர்களா? தோழியின் பண்புநலன்களை விளக்குக என்று வருடா வருடம் கேட்கிறோம். தன்னலமின்மை என்று பிள்ளைகள் எழுதினால் டிக் அடிக்கிறோம்.

4

அன்றைக்கு அவள் ஏன் அழுதாள் என்று சொல்லவில்லை அல்லவா?

“சரண்யா போன் பண்ணுனாக்கா. ஞாயித்துக்கிழம வளைகாப்பாம். வரச் சொல்றா.”

“நல்ல விஷயம்தானே?”

“வந்து எல்லார் முன்னாலயும் அவுங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். நாந்தான் ஏத்திவிட்டேன்னு ஒத்துக்கிடணுமாம். ‘அப்பத்தான் எங்க வீட்டுல உன்னையச் சேப்பாங்க, எனக்காக இம்புட்டுக்கூடச் செய்ய மாட்டியா’ங்குறா.”

“செய்யாததுக்கு எதுக்குடி மன்னிப்பு?”

“போன மாசம் என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போனவுங்க, ‘அந்தப் புள்ளைய வீட்ட விட்டுப் போக வச்சது இவதானாம்ல’ன்னு வேணாம்னுட்டாங்க. பொய்யின்னு இப்பமாச்சும் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். சபையில நானே ஒத்துக்கிட்டா அப்புறம் எனக்கு என்னக்கா மிச்சம்? போகலைன்னா சரண்யா இல்ல. அவ இல்லாம எனக்கு யாரு இருக்கா?”

பதில் தெரியாதபோது எழுத்தாளர்கள் செய்வதைச் செய்தேன்.

5

முடிவு ஒன்று: பாண்டிமீனா போய் மன்னிப்புக் கேட்கிறாள். சரண்யாவின் தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். உண்மை அவள் நெஞ்சோடு.

முடிவு இரண்டு: சபை நடுவே நின்று உண்மையைப் போட்டு உடைக்கிறாள். அத்தனை பேரும் வாயடைத்துப் போக, சரண்யா தலைகுனிந்து (கைதட்டலுக்காக எழுதியது. நிறைமாதக்காரியைத் தலைகுனிய வைத்து என்ன காணப்போகிறேன்?)

முடிவு மூன்று: அவள் போகவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள். வானத்தில் ஒற்றைப் பறவை. (பறவை எதற்கு என்று எனக்கே தெரியாது. இப்படி முடித்தால் நாலு பேர் பாராட்டுவார்கள்.)

பாண்டிமீனாவிடமே படிக்கக் கொடுத்தேன். திருத்தும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள்.

“ஒண்ணாவதுல நான் தியாகி. ரெண்டாவதுல மேடைப் பேச்சாளி. மூணாவதுல ஆளையே காணோம், பறவதான் இருக்கு.”

“சரி, எதுதான் சரியா இருக்கு?”

“மூணுலயும் நான் தனியாத்தேன் நிக்கிறேன், கவனிச்சீகளா?”

“கதைக்கு அதுதான் அழகு மீனா.”

“அழகாம்ல” என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் இதைத் தொடவே இல்லை.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. சற்று முன் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள்.

“போறதுன்னு முடிவு பண்ணிட்டேங்க்கா. அவளப் பாத்துட்டு வந்துர்றேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்.”

“கேக்கச் சொல்லி மல்லுக்கு நின்னா?”

“தெரியல. அந்த வீட்டு வாசல நெனச்சாலே திரும்பிப் போயிரலாம்னு தோணுது.” பின்னால் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். “நீங்க வாரீகளாக்கா? ஒண்ணும் பேச வேணாம். சும்மா கூட நின்னாப் போதும்.”

“நாளைக்குக் கட்டுரை கொடுக்கணும் மீனா, அதுவுமில்லாம மூணாம் மனுஷி நான் அங்க வந்து

சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டாளா, மாட்டேன் என்றாளா, சரண்யா மணையிலிருந்து எழுந்து வந்தாளா, எல்லாம் உங்கள் இஷ்டம். பாண்டிமீனாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் நிற்பதாக மட்டும் எழுதிவிடுங்கள். முக்காடு போட்ட, கொஞ்சம் குட்டையான, முன்கோபக்காரி. அடுத்த பஸ் வரைக்கும் மீனா காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள், நான் கிளம்புகிறேன்.