கிருபாகரனின் ஆமென்

செங்கல்பட்டில் நடக்கும் பாடகர் விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, கிருபாகரனைக் குழுவிலிருந்து நிறுத்திவிடுவது என்று ரேணுகா முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபமாக இருந்தது. சொல்வது யார் என்பதுதான் பிரச்சினை. புதுப்பட்டினம் மெதடிஸ்ட் சபையில் கிருபாகரனைப் பிடிக்காதவர்கள் என்று ஒருவரும் கிடையாது. கடைத்தெருவில் பிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வயது ஐம்பத்தைந்து. கோயில் மின்விசிறி நின்றால் ஏணியோடு வருவார். அன்பின் விருந்துக்கு அண்டா தூக்குவார். பாடகர் குழுவில் பத்தொன்பது வருடமாகக் கடைசி வரிசையில் நிற்கிறார். ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை.

ஆனால் பாட வராது. கொஞ்சம்கூட வராது. குரல் மட்டும் பெரிது. மற்ற பதினான்கு பேரும் ஒரு பக்கம் போனால், அவர் நல்ல உற்சாகத்தோடு வேறு பக்கம் போவார். போன வருட விழாவில் நடுவர் எழுதிக் கொடுத்த தாளில், ‘ஆண் குரல்களில் ஒன்று வேறு பாட்டைப் பாடியது’ என்று இருந்தது. ரேணுகா அதை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டாள். அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. குழுவை நடத்தும் பொறுப்புக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

முதலில் போதகர் ஜான்சன் ஐயரிடம் போனாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுப்பாரு ஐயா.”

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வருஷா வருஷம் சபை கான்பரன்ஸ்ல எந்த ஊருக்கு மாத்தியிருக்குன்னு என் பேரைப் படிக்கிறாங்க. அடுத்த வருஷம் எங்க போடுவாங்களோ தெரியாது. ஆனா இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் என் பிரிட்ஜை அவர்தானம்மா பாக்கணும்.” பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நான் ஜெபம் பண்றேன், நீ போய்ச் சொல்லு” என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் ரேணுகா கடைக்குப் போனாள். கிருபாகரன் ஒரு பெரிய ஐஸ்கிரீம் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் கடை வைத்திருப்பவருடைய பெட்டி அது.

“வா டீச்சர். குந்து. இன்னா, வூட்ல பிரிட்ஜ் நின்னுபோச்சா?”

“இல்லண்ணே. வேற விஷயம்.” வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. “உங்க சுருதி சேரலண்ணே. விழாவுக்கு நீங்க பாட வேண்டாம்னு நெனைக்கிறேன்.”

அவர் கையிலிருந்த திருகாணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

“எத்தினி நாளா நெனைச்சுகினு கீற?”

“ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷமா இத்த மனசுல வெச்சுகினா எனக்கு வணக்கம் சொன்ன? பாவம்மா நீ.” பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ வரவழைத்தார். ரேணுகா டீயைக் குடித்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பயிற்சி. கிருபாகரன் வழக்கம்போல முதலில் வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழுவுக்குப் போகாமல் நான்காவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். ரேணுகா கையைத் தூக்கினாள். பிரவின்குமார் கீபோர்டில் முன்னிசையை வாசித்து முடித்தான். கை இறங்கியது.

பெண்கள் பாதிப் பேர் எடுத்தார்கள். மீதிப் பேர் ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் இரண்டாவது சொல்லுக்குத்தான் வந்தார்கள். மறுபடியும் தொடங்கினாள். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை யாருமே எடுக்கவில்லை.

“என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? என் கையைப் பாருங்களேன்” என்றாள்.

கனத்த குரலில் பாடும் செல்வராஜ் தலையைச் சொறிந்தார். அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் வேலை பார்ப்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “உன் கையை எவன் பாத்தான் டீச்சர்? கிருபா அண்ணாத்த தம் கட்டி மூச்சு இழுப்பாரு. அந்தச் சத்தத்தை வெச்சுதான் நாங்க எடுக்கறது.”

“நாங்களும் அப்படித்தான்” என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

ரேணுகா இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டு வருடம் தன் கைக்குத்தான் இவர்கள் பாடினார்கள் என்று நினைத்திருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், சிரிப்புதான் வந்தது.

“அண்ணே, கொஞ்சம் வந்து நில்லுங்க. பாட வேண்டாம். மூச்சு மட்டும் விடுங்க.”

அவர் தயங்கித் தயங்கி வந்து தன் பழைய இடத்தில் நின்றார். கை தூக்கினாள். கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பதுபோல அவர் மூச்சை இழுத்தார். பதினாலு பேரும் ஒரே வாயாக எடுத்தார்கள். பாட்டு முடியும்வரை ஓர் இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி அவர்கள் பாடியதே இல்லை.

கிருபாகரன் கண்ணைத் துடைத்தார். “பத்தொம்போது வருஷமா உள்ளயே நின்னுகினு கத்திகினு இருந்தேன். நம்ம பாட்டை இன்னிக்குதான் காதால கேட்டேன். எவ்ளோ நல்லா கீது.”

“அப்ப விழாவுக்கு வந்து மூச்சு விடுறீங்களா அண்ணே?”

“வரமாட்டேன்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“காத்தடிக்கிற பம்பா நானு? என் வாயாலயும் ஒண்ணு சாமிக்குப் போவணும். ஒரே ஒரு எழுத்துன்னாலும் சரி. அத்தக் குடு, வரேன்.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ரேணுகா இசைத்தாளைப் புரட்டிப் பார்த்தாள். பாட்டின் முடிவில் வரும் ஆமெனில் ஒரு குரலுக்கு மட்டும் இரண்டு அசைக்கும் ஒரே சுரம். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

“ஆமென் உங்களுக்கு” என்றாள்.

அந்த ஒரு சுரத்தை அவருக்குப் பிடிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கீபோர்டில் வாசித்தால் அவருக்குப் பிடிபடவில்லை. பாடிக் காட்டினால் வேறெங்கோ போனார். நாலாம் நாள் சாயங்காலம் கடையில் பாடிக் காட்டிக்கொண்டிருந்தபோது, பிரவின்குமார் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். ஐஸ்கிரீம் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. செல்போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து அதன் அருகே பிடித்துப் பார்த்தான்.

“டீச்சர், நம்ம சுரம்தான். மயிரிழை கம்மி, அவ்ளோதான்.”

கிருபாகரன் முகம் மலர்ந்துவிட்டது. “இதுவா? இத்த முன்னாடியே சொல்றதில்ல?” பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு “ஆ...” என்றார். சேர்ந்தது. முப்பது வருடமாக இயந்திரங்களின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிற காது அது. அந்தக் காதுக்கு யாரும் அதன் மொழியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெட்டிக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். “சத்தத்தை செக் பண்ணிகினு கீறேன் நைனா, வியாழக்கிழமை தரேன்” என்று கிருபாகரன் உண்மையையே சொல்லி அனுப்பினார்.

விழா நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே வேன் கிளம்பிவிட்டது. செங்கல்பட்டு கோயிலில் பதினோரு சபைகளின் குழுக்கள். எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும். ஏழாவதாகப் புதுப்பட்டினத்தைக் கூப்பிட்டார்கள்.

ரேணுகா கை தூக்கினாள். கிருபாகரன் இழுத்த மூச்சு மூன்றாவது பெஞ்சு வரைக்கும் கேட்டது. அங்கே இருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தாள். பாட்டு கிளம்பியது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மூச்சை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை. கடைசி வரி முடிந்தது. ரேணுகா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“ஆ...”

சரியான சுரம். அசையாமல் வந்து உட்கார்ந்தது. மற்ற குரல்கள் அதைச் சுற்றி இறங்கிவந்து சேர்ந்தன. நாலு எண்ணிக்கையில் ரேணுகா கையை மூடிப் பாட்டை நிறுத்த வேண்டும். மூடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூட மனம் வரவில்லை. எட்டு எண்ணிக்கை ஆயிற்று, பத்தாயிற்று. செல்வராஜின் முகம் சிவந்துபோனது. பெண்கள் மாற்றி மாற்றி மூச்சு வாங்கிக்கொண்டு தாக்குப் பிடித்தார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டில் கை மூடியது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர் தாளில், ‘எடுப்பு மிக நன்று. ஆமென் அளவுக்கு மீறி நீளம்’ என்று எழுதியிருந்தது. இந்த முறை ரேணுகா தாளை எல்லோருக்கும் காட்டினாள்.

“என்னாலதான் முதல் பரிசு போச்சா டீச்சர்?” என்றார் கிருபாகரன்.

“இல்லண்ணே, என் கையால போச்சு.”

மதியம் கோயிலுக்குப் பின்னால் பந்தலில் பிரியாணி. கிருபாகரன் இரண்டாவது தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“கிறிஸ்மஸ் பாட்டுல எனக்கு ரெண்டு சுரம் குடுத்துடு டீச்சர்.”

“ரெண்டா?”

“ஒண்ணு ஏறணும், ஒண்ணு எறங்கணும். கத்துக்கறேன்.”

“பாக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள் ரேணுகா.