மேகத்துக்குள் போன ட்ரோன்

பனித்திட்டு மீனவர் கரையில் அன்று காலை யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. முந்தின நாள் கடலுக்குப் போன ராஜ்மோகனின் படகு இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி செல்வகுமாரி ஈர மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகமோ தலையில் இடிக்கிற மாதிரி இறங்கிக் கிடந்தது.

ராஜ்மோகனின் தம்பி கலைவேந்தனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படகு வரவில்லையென்றால் தென்னை மரத்தில் ஏறிப் பார்ப்பது அந்தக் கரையின் வழக்கம். அவனிடம்தான் ஆசைக்கு வாங்கிய ட்ரோன் இருந்ததே. நூற்றிருபது மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது, கண்ணை விட்டு மறையக் கூடாது என்கிற சட்டமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அண்ணன் உயிருக்கு முன்னால் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! அண்ணி பக்கத்திலிருந்தே ஏற்றினான். ட்ரோன் மேகத்துக்குள் புகுந்தது. திரை வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போனது.

அப்போது வடக்கே தடதடவென்று ஹெலிகாப்டர் சத்தம்.

"தேட வந்துட்டாங்கபா," என்று செல்வகுமாரி மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கலைவேந்தன் வெளுத்த திரையைப் பார்த்தான். அந்த ஹெலிகாப்டர் இந்த மேகத்துக்குள்தான் இறங்க வேண்டும். விசிறியில் ட்ரோன் பட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி? சொன்னால் திரும்பிவிடுவார்கள்; அண்ணனை யார் தேடுவது? சத்தம் நெருங்கியது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

கரையில் வயர்லெஸ்ஸோடு நின்ற போலீஸ்காரர் ஆதிமூலத்திடம் ஓடினான். "சார், மேல என் ட்ரோன் இருக்குது. எங்கன்னு தெரில."

அவர் அவனை முறைத்துவிட்டு வயர்லெஸ்ஸில் கத்தினார். சத்தம் வளைந்து, தேய்ந்து, வடக்கேயே போய்விட்டது.

"மேகம் கலைஞ்சாத்தான் இனிமே வருவாங்களாம்," என்றார் ஆதிமூலம்.

"இன்னாத்துக்குத் திரும்பிப் போவுது? அவர இன்னும் தேடவே இல்லியே?" செல்வகுமாரி கொழுந்தனைத்தான் கேட்டாள்.

தலைக்கு மேல் வண்டு ரீங்காரம் போல ஒன்று கேட்டது. சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்துசேரும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். ட்ரோன் நீர் சொட்டச் சொட்ட இறங்கி, அவள் காலடியில் உட்கார்ந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உன்னுது வந்துட்சிபா," என்றாள்.