வைக்கோல் போதும்

தச்சர் கொல்லையில் பலகை அடித்து மூன்று மேட்டுப்பாத்தி கட்டினார். மூன்றும் மனைவியின் இடுப்பு உயரம்தான். நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷன், மண் கொட்டும்போது வளைந்து வளைந்து அவருக்கு முதுகு விட்டுப்போயிற்று. காலமெல்லாம் அளவு பிசகாத கைக்கு இப்படியும் பிசகுமா என்று அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். தோட்டம் என்றைக்குமே அவர் பாடு. களை என்று நினைத்து முளைத்த கீரையையே பிடுங்கி எறிந்தவள் அவள்.

இதயம் பலவீனம், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லியிருந்தார். அதற்குமேல் மூச்சு விடவில்லை.

வருஷாவருஷம் தக்காளியும் கத்தரியும் வாங்குகிறவர், இந்தமுறை அவளையும் கூட்டிக்கொண்டு போன நர்சரியில் நாற்றுகள் பக்கமே திரும்பவில்லை. செம்பருத்தி, எலுமிச்சை, ரோஸ்மேரி என்று எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் ஒருதடவை வேர் பிடிச்சா போதும். வருஷக்கணக்கா நிக்கும்."

"மண் மேல போடற மூடாக்குக்கு வைக்கோலா, மரச்சில்லா?" என்றார் கடைக்காரர்.

"மரச்சில்லு. வைக்கோல் சீக்கிரம் மக்கிடும், மாத்திக்கிட்டே இருக்கணும். இது பாட்டுக்குக் கிடக்கும், ஈரமும் காயாது."

"ஏன் சார், ஆளில்லாத வீட்டுக்கா?" கடைக்காரர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

தச்சர் சிரிக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. பாத்தி உயரம் பிசகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வந்ததே கோபம். கூடவே வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு அவரைத் தனியே அழைத்துப் போனாள்.

"டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்?"

"செடி வாங்க வந்த இடத்துல என்ன பேச்சு இது."

"நீங்க இல்லாத காலத்துக்கான தோட்டத்தை என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே வாங்கறீங்க. அது தெரியாதா எனக்கு?"

அவர் செருப்பு முனையால் மண்ணைக் கிளறினார். "உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான்."

"கஷ்டம் இருந்துட்டுப் போகட்டும். வைக்கோலே போதும். மக்கினதும் வந்து மாத்துங்க."

"என்னால முடியாமப் போனா?"

"எப்படி மாத்தறதுன்னு சொல்லிக்குடுத்துட்டுப் போங்க. எதையும் சொல்லாமப் போகாதீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த மழைக்காலம் வரைக்கும் தாங்கினாலே பெருசுன்னார் டாக்டர்."